முகம் எண்ணான வரலாறு: தாலமானம், நாசிக் குறியீடு, நிற அட்டை

ஆய்வுச்சுருக்கம்

மனித முகத்தை அளந்து, அந்த அளவைக் கொண்டு அழகை மதிப்பெண்ணாகக் கூறும் வழக்கம் இன்று இளைஞர்களிடையே பரவியுள்ளது. புருவத்திலிருந்து மூக்குநுனி வரையிலான நீளம், கண்முனைகளின் சாய்வு, தாடையின் கோணம் ஆகியவற்றைக் கணக்கிட்டுப் பத்துக்கு இத்தனை என முகத்தைத் தரப்படுத்துகின்றனர். இவ்வழக்கம் கைப்பேசியோடு வந்த புதுமை என்று கருதப்படுகிறது. தமிழ்நாட்டில் முகம் அளக்கப்பட்ட வரலாறு நீண்டது. ஆனால் அளந்தவர்களின் நோக்கம் ஒன்றாக இருந்ததில்லை. சிற்பியின் தாலமானம், காலனிய அரசின் நாசிக் குறியீடு, வணிகத்தின் நிற அட்டை ஆகிய மூன்றையும் ஒப்புநோக்கி, உருவாக்குவதற்கான அளவு மதிப்பிடுவதற்கான அளவாக மாறிய வழியை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தாலமானம், தாடிக்கொம்பு, எட்கர் தர்ஸ்டன், நாசிக் குறியீடு, மாமை, மாநிறம்

முன்னுரை

திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு, தேனி வழியாகக் குமுளி செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த சந்திப்பூர் செம்பட்டி. ஆத்தூர் வட்டத்தைச் சேர்ந்த இவ்வூரின் வழியே தைப்பூசக் காலத்தில் பழனிக்குப் பாதயாத்திரையாகச் செல்வோர் திரளாகக் கடந்து போவர். நான்கு திசைப் பேருந்துகளும் நின்று செல்லும் இத்தகைய ஊர்களில் முடிதிருத்தகமும் ஒளிப்பட நிலையமும் அழகு நிலையமும் அருகருகே இருப்பது இயல்பு. முகத்தைப் பற்றிய அக்கறை பெருநகரத்துக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இதே திண்டுக்கல் சமவெளியில், குடகனாற்றின் அருகே, தாடிக்கொம்பு சௌந்தரராசப் பெருமாள் கோயில் அமைந்துள்ளது. இறைவனின் பெயரே அழகின் அரசன் என்னும் பொருளுடையது. இக்கோயில் மண்டபத் தூண்களில் உள்ள விசயநகர, நாயக்கர் காலப் பாணிச் சிற்பங்களுள் ரதியும் மன்மதனும் புகழ்பெற்றவர்கள். திருமணத் தடை நீங்க வேண்டுவோர் இவ்விணையை வழிபடுகின்றனர். அழகு, திருமணம், அளவு ஆகிய மூன்றும் ஒரே கல்லில் கூடியிருக்கும் இவ்விடம் இவ்வாய்வுக்கு ஏற்ற தொடக்கமாகும்.

எண்ணில்லாத அழகு

தமிழ் இலக்கியத்தில் உடலுறுப்புகளை வரிசையாகப் புனைவது பெருவழக்கு. கேசாதிபாதம், பாதாதிகேசம் என அதற்கெனத் தனி இலக்கிய வகைகளே உண்டு. ஆயினும் அப்புனைவுகள் உவமையால் ஆனவை. அங்கே எண்ணுக்கு இடமில்லை. உவமை என்பது ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டுக் காட்டுமேயன்றி, ஒரு முகத்தை மற்றொரு முகத்துக்கு மேலோ கீழோ நிறுத்துவதில்லை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் தலைமக்களிடையே அமைய வேண்டிய ஒப்புமைகளைப் பத்தாக வகுக்கிறது. உருவு அப்பத்தனுள் ஒன்று மட்டுமே. குடிமை, அருள், உணர்வு முதலியன அதனோடு ஒத்த இடத்தில் நிற்கின்றன.

நிறம் பற்றிய சங்க இலக்கியக் கருத்து மேலும் கவனிக்கத்தக்கது. தலைவியின் மேனியழகைக் குறிக்கும் சொல் மாமை. மாந்தளிரின் நிறத்தோடு உரையாசிரியர்கள் இதனைத் தொடர்புபடுத்துவர். பிரிவுத் துயரால் அம்மாமை கெட்டு மேனியில் படர்வது பசலை. மேனி வெளிறுவதே நோயின் அடையாளமாகவும் அழகின் இழப்பாகவும் கூறப்படுகிறது. வெளிறிய தோலை விலைக்கு விற்ற இருபதாம் நூற்றாண்டு விளம்பரங்களைச் சங்கப் புலவர் கண்டிருந்தால் நோய்க்குறியை மருந்தென்று விற்பதாக எண்ணியிருக்கக்கூடும்.

உடற்குறிகளைக் கொண்டு பலன் கூறும் சாமுத்திரிகா இலட்சணமும் தமிழ்நாட்டில் வழங்கியது. மலிவுப் பதிப்புகளாக அச்சேறிப் பரவியது. எனினும் அது வாழ்நாள், செல்வம், மக்கட்பேறு ஆகியவற்றை முன்னுரைக்க முயன்ற நூல்வகை. நெற்றி அகலம் நல்லூழைக் காட்டும் என்றது. அழகுக்கு மதிப்பெண் இடவில்லை. பெண்ணின் உடலைத் திருமணச் சந்தையில் சோதனைக்கு உட்படுத்தும் மனப்பான்மைக்கு அது இடமளித்தது என்பதையும் மறுப்பதற்கில்லை.

சிற்பியின் ஓலை

முகத்தை உண்மையில் எண்ணால் அளந்தவர்கள் சிற்பிகள். அவர்களின் அளவு முறை தாலமானம் எனப்படும். தாலம் என்பது பன்னிரண்டு அங்குலம். பொதுவாக முகத்தின் நீளமும் அதுவே. நவதால முறையில் அமையும் உருவம் 108 அங்குல உயரமுடையது. முகம் 12, கழுத்து 4, கழுத்திலிருந்து மார்பு வரை 12, மார்பிலிருந்து உந்தி வரை 12, அதன்கீழ் 12, தொடை 24, முழங்கால் 4, கணைக்கால் 24, பாதம் 4 எனப் பகுக்கப்படும். முகத்தின் பன்னிரண்டு அங்குலமும் மூன்று சமபாகங்களாகும்: நெற்றிக்கு 4, மூக்குக்கு 4, மூக்குநுனியிலிருந்து மோவாய் வரை 4. இன்று முகத்தின் முப்பகுதிச் சமநிலை எனக் கைப்பேசியில் அளக்கப்படுவதும் இதே பகுப்புத்தான். உரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியசும் முகத்தை மூன்று சமபாகங்களாகவே பகுத்தார்.

ஒற்றுமை இவ்வளவே. இங்கே கூறப்படும் அங்குலம் அளவுகோலில் உள்ள அங்குலம் அன்று. சிற்பி தான் செய்யவிருக்கும் உருவத்தின் முழு உயரத்தை எடுத்துக்கொண்டு, அதனை 108 ஆகவோ 120 ஆகவோ 124 ஆகவோ பகுப்பார். அவ்வாறு கிடைக்கும் ஒரு கூறே தேகாங்குலம். சுவாமிமலைச் சிற்பிகள் தென்னங்கீற்றின் ஓலையை உருவத்தின் உயரத்துக்கு நறுக்கி, அதனை மடித்து மடித்து அளவுக் குறிகளைப் பெறுவர். இதற்கு ஓடியோலை என்று பெயர். படிமம் மாறினால் ஓலையும் மாறும். ஓர் உருவத்தின் அளவு அவ்வுருவத்துக்குள்ளேயே பிறக்கிறது, வெளியிலிருந்து வருவதில்லை.

இரண்டாவது வேறுபாடு இதனினும் முதன்மையானது. தாலமானம் ஒற்றை இலக்கணம் அன்று. சிவன், திருமால், பிரமன் ஆகியோர்க்கு 124 அங்குல உத்தம தசதாலம்; உமை, திருமகள் முதலிய தேவியர்க்கு 120 அங்குல மத்திம தசதாலம்; பிள்ளையாருக்குப் பஞ்சதாலம்; பூதகணங்களுக்குச் சதுஸ்தாலம். டி. ஏ. கோபிநாத ராவ் 1920இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியீடாக வந்த தம் தாலமான நூலில் இவ்வளவுகளைப் பல ஆகமங்களிலிருந்து திரட்டி ஒப்பிட்டுள்ளார். ஐந்து தாலத்தில் அமைந்த பிள்ளையார் பத்துத் தாலத்தில் அமைந்த சிவனைவிடப் பாதி மதிப்பெண் பெற்றவர் என்று எந்தச் சிற்பியும் கூறமாட்டார். தால வரிசையில் தெய்வப் படிநிலை உண்டு. ஆனால் ஒவ்வொரு வகையும் தன் அளவில் நிறைவுடையது. குட்டையும் தொந்தியும் குறைகளாக அங்கே கருதப்படவில்லை.

மூன்றாவதாக, இவ்வளவுகள் மானிடர்க்கு உரியனவல்ல. தெய்வப் படிமம் இலக்கணம் தவறினாலும் நன்மை தரும், மனித உருவம் எத்துணை அழகாக அமைந்தாலும் அத்தகு பயன் தராது என்னும் கருத்தைச் சுக்கிரநீதி வெளியிடுகிறது. கோயிலுக்கு வந்தவரின் முகத்தைத் தாலத்தால் அளந்து குறை கண்ட மரபு எதுவும் இல்லை. தாடிக்கொம்பு மன்மதன் முன் நிற்பவர் தம் முகம் அவன் முகம்போல் இல்லையென வருந்த வேண்டியிருக்கவில்லை. அவனிடம் வரம் கேட்கவே வந்தார்.

எழும்பூரில் ஓர் அளவுகோல்

மனிதரையே அளக்கும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வந்தது. எட்கர் தர்ஸ்டன் (1855–1935) 1885ஆம் ஆண்டு முதல் 1908 வரை சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தார். 1901இல் இந்திய அரசு இனவரைவியல் கணக்கெடுப்பைத் தொடங்கியபோது சென்னை மாகாணத்துக்கான பொறுப்பும் அவருக்கே வந்தது. கே. ரங்காச்சாரியின் துணையோடு அவர் தொகுத்த தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்னும் நூல் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்தது. அக்காலத்தில் மதுரை மாவட்டத்தில் அடங்கியிருந்த திண்டுக்கல் பகுதியின் மக்களும், செம்பட்டிக்கு மேற்கே எழும் பழனிமலைத் தொடரின் பளியரும் இத்தொகுதிகளில் இடம்பெற்றனர்.

தர்ஸ்டனின் முதன்மையான கருவி நாசிக் குறியீடு. மூக்கின் அகலத்தை அதன் நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் கிடைப்பது அது. பிரெஞ்சு மானிடவியலாளர் தொபினார் வகுத்த முறைப்படி 70க்குக் கீழே இருந்தால் நுண்மூக்கு, 70 முதல் 85 வரை இடைமூக்கு, அதற்கு மேல் அகல்மூக்கு. 38 மி.மீ. அகலமும் 50 மி.மீ. நீளமும் உடைய மூக்கின் குறியீடு 76. அகலத்தை அளப்பதில் 2 மி.மீ. பிசகினால் அது 80 ஆகிவிடும். மூக்கின் தொடக்கப்புள்ளியைத் தோலின்மேல் தடவிக் கண்டறிய வேண்டியிருந்ததால் இத்தகைய பிசகு அரிதன்று.

வங்காளத்தில் இம்முறையைப் பரப்பிய ஹெர்பர்ட் ரிஸ்லி, மூக்கின் அகலம் கூடக்கூடச் சாதியின் சமூகத் தகுதி குறையும் என்றே ஒரு விதியை வகுத்தார். 1901ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக அவர் இருந்தமையால் அவ்விதிக்கு அரசின் முத்திரையும் கிடைத்தது. முகத்தின் ஓர் உறுப்பு, ஒற்றை எண்ணாகி, அந்த எண் மனிதரின் தரமாகிவிட்ட இடம் இதுவே. இன்றைய முகமதிப்பெண்ணின் நேரடி முன்னோடியைத் தேடுவோர் சிற்பியின் ஓலையிடம் செல்ல வேண்டியதில்லை. இந்த வகுத்தல் கணக்கிடம் வந்தால் போதும்.

அதற்கு வேதச் சான்றும் தேடப்பட்டது. இருக்கு வேதத்தில் தஸ்யுக்களைக் குறித்து ஓரிடத்தில் வரும் அநாஸ் என்னும் சொல்லை மூக்கற்றவர் எனப் பிரித்து, ஆரியர் தட்டைமூக்குத் திராவிடரை இகழ்ந்ததாகப் பொருள் கொண்டனர். உரையாசிரியர் சாயணர் அதனை வாயற்றவர், அதாவது சரியான மொழியற்றவர் என்றே கொண்டிருந்தார். ஒரே ஒரு சொல்லின்மேல் எழுப்பப்பட்ட இக்கட்டடத்தின் வலுவின்மையைத் தாமஸ் டிரவுட்மன் 1997இல் வெளியான தம் நூலில் விரிவாகக் காட்டினார். எனினும் திராவிட மூக்கு என்னும் சொல்லாட்சி, அதனை ஏற்றவர்களிடமும் எதிர்த்தவர்களிடமும் நெடுங்காலம் நிலைத்துவிட்டது.

அளக்கப்பட்டவர்கள் இதனை எவ்வாறு எதிர்கொண்டனர்? தர்ஸ்டனே தம் முன்னுரையில் சில செய்திகளைப் பதிந்துள்ளார். வயநாட்டுப் பணியர் பெண்கள் அவரைக் கண்டதும் ஓடிவிட்டனர். தங்களுள் சிறந்தவர்களைப் பிடித்துப் பஞ்சடைத்து அருங்காட்சியகத்தில் நிறுத்தப் போகிறார் என அஞ்சினர். தர்ஸ்டன் இதனை வேடிக்கையாக எழுதுகிறார். அப்பெண்களின் அச்சத்தை அறியாமை என ஒதுக்குவது எளிது. விலங்குகளைப் பதப்படுத்தி நிறுத்தியிருந்த ஒரு நிறுவனத்தின் அலுவலர், அளவுகோலோடு வந்து மனிதரை மாதிரிகளாகத் தேர்ந்தபோது, அவர்கள் அவரது பணியின் இயல்பைப் பெரிதும் சரியாகவே புரிந்துகொண்டனர் எனலாம்.

தர்ஸ்டனின் அட்டவணைகளிலேயே அம்முறைக்கான மறுப்பும் இருந்தது. ஒவ்வொரு சாதிக்கும் சராசரி எண்ணோடு மிகக் குறைந்த எண்ணையும் மிக உயர்ந்த எண்ணையும் அவர் அச்சிட்டார். சராசரிகளை மட்டும் நோக்கினால் படிக்கட்டுப் போன்ற வரிசை தெரிகிறது. எல்லைகளை நோக்கினால் ஒரு சாதியின் எண்கள் மற்றொரு சாதியின் எண்களுக்குள் புகுந்து கலந்துகிடப்பது தெரிகிறது. ஒருவரின் மூக்கை மட்டும் அளந்து அவர் இன்ன சாதியினர் எனக் கூறுவது இயலாது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. ஜி. எஸ். குர்யே 1932இல் ரிஸ்லியின் தரவுகளையே மீண்டும் ஆராய்ந்து, ஐக்கிய மாகாணத்துக்கு வெளியே மூக்குக்கும் சாதிப் படிநிலைக்கும் சீரான தொடர்பு இல்லை எனக் காட்டினார். பி. சி. மகாலனோபிஸ் 1933இல் சங்க்யா இதழில் ரிஸ்லியின் வங்காளத் தரவுகளைத் திருத்தி வெளியிட்டார். அளவீட்டுத் தரவுகளோடு அவர் நடத்திய இத்தகைய போராட்டத்திலிருந்தே இன்று புள்ளியியலில் அவர் பெயரால் வழங்கும் தொலைவு அளவையும் பிறந்தது. தவறான கேள்விக்காகத் திரட்டிய எண்கள் நல்ல கணிதத்துக்கு வழிவிட்ட விந்தை இது.

பையிலிருந்த தாள்

இதே காலத்தில் இங்கிலாந்தில் பிரான்சிஸ் கால்ட்டன் அழகையே நேரடியாக எண்ண முயன்றார். தம் பைக்குள் ஒரு தாளும் ஊசியும் வைத்துக்கொண்டு, தெருவில் எதிர்ப்படும் பெண்களை நன்று, நடுத்தரம், தாழ்வு எனப் பிரித்து யாரும் அறியாமல் துளையிட்டார். அவர் கணக்கில் இலண்டன் முதலிடமும் அபர்டீன் கடைசியிடமும் பெற்றன. அளக்கப்படுபவர் அறியாமலே அவர்மேல் மதிப்பெண் விழும் வழக்கம் அன்றே தொடங்கிவிட்டது.

கால்ட்டனின் மற்றொரு சோதனை எதிர்பாராத விடை தந்தது. 1870களின் இறுதியில் குற்றவாளிகளின் ஒளிப்படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்து, குற்றவாளிக்கே உரிய முகத்தைக் கண்டறிய முயன்றார். கிடைத்த கலவை முகமோ தனித்தனி முகங்களைவிடப் பார்வைக்கு இனிமையாக இருந்தது. 1990இல் லாங்லாய்ஸ், ரோக்மன் ஆகிய உளவியலாளர்கள் கணினி வழியே இதனை மீண்டும் செய்து, சராசரியாக்கப்பட்ட முகங்களைப் பார்வையாளர் விரும்புவதைக் காட்டினர். பொன்விகிதமான 1.618 முகத்தில் உறைகிறது என்னும் கருத்தும் தொன்மையானதன்று. மனித உடல் முழுவதையும் அவ்விகிதத்தால் விளக்க முற்பட்டவர் செருமானிய அறிஞர் அடால்ஃப் சைசிங், ஆண்டு 1854. முகத்தின் முப்பகுதிச் சமநிலை உள்ளிட்ட செவ்வியல் அளவு விதிகளை 1985இல் கனடிய மருத்துவர் லெஸ்லி ஃபர்காஸ் குழுவினர் உண்மையான முகங்களில் சோதித்தபோது அவற்றுள் பல பொருந்தவில்லை. சிலைக்கான விதி சிலைக்கே உரியது என்பதைச் சிற்பி முன்பே அறிந்திருந்தார்.

நிற அட்டையும் திருமணச் சந்தையும்

விடுதலைக்குப் பின் அளவுகோல் அரசிடமிருந்து வணிகத்தின் கைக்கு மாறியது. 1975இல் ஃபேர் அண்ட் லவ்லி சந்தைக்கு வந்தது. பல நிறப் படிகளை வரிசையாக அச்சிட்ட அட்டையைக் கொண்டு வாங்குபவர் தம் தோலைத் தாமே ஒப்பிட்டுப் பார்க்கும் முறையும் இவ்வணிகத்தில் வந்தது. தர்ஸ்டனுக்கு அஞ்சி ஓடியவர்களின் பேரர் தலைமுறை, விலை கொடுத்துத் தன்னையே அளந்துகொண்டது. சென்னையைச் சேர்ந்த கெவின்கேர் 1998இல் ஃபேரெவர் என்னும் களிம்போடு போட்டியில் இறங்கியது. சிறு பொட்டல விற்பனை, பெட்டிக்கடை வரை இத்தகைய பொருள்களைக் கொண்டுசென்றது. 2005இல் ஆண்களுக்கெனத் தனிக் களிம்பு வந்தபோது இளைஞரின் முகமும் இச்சந்தைக்குள் முழுமையாக நுழைந்தது.

எதிர்ப்பும் இங்கிருந்தே எழுந்தது. 1996 நவம்பரில் பெங்களூரில் உலக அழகிப் போட்டி நடைபெற்றபோது, அதனை எதிர்த்து மதுரையில் இளைஞர் ஒருவர் தீக்குளித்து உயிர்நீத்தார். பெண்ணுடலுக்கு மதிப்பெண் இடுவது குறித்த விவாதத்தில் தமிழ்நாடு கொடுத்த விலை அது. அழகுப் போட்டிகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அதனைக் கடந்து சென்றுவிடுகின்றனர். சென்னையில் விமன் ஆஃப் வொர்த் என்னும் அமைப்பு 2009இல் கருமையே அழகு என்னும் பரப்புரையைத் தொடங்கியது. கருநிறத்தைத் தாழ்வாகக் காட்டக் கூடாது என்று விளம்பரத் தர மன்றம் 2014இல் நெறிமுறை வகுத்தது. 2020இல் ஃபேர் அண்ட் லவ்லியின் பெயர் குளோ அண்ட் லவ்லி என மாறியது. அதே ஆண்டில், பயனர்களின் எதிர்ப்புக்குப் பிறகு, பெயர்பெற்ற மணமகன்–மணமகள் தேடல் தளம் ஒன்று தோல்நிற வடிகட்டியை நீக்கியது.

பெயர் மாறியதும் வடிகட்டி நீங்கியதும் சிறியனவல்ல. ஆனால் எண் வேறிடம் தேடிக்கொண்டது. இப்போது இளைஞர்களிடம் வழங்கும் லுக்ஸ்மேக்சிங் என்னும் தோற்ற மேம்பாட்டு முயற்சியில் களிம்பைவிட எலும்பே பேசப்படுகிறது. தாடை, கன்னம், கண்குழி என எலும்பை அளக்கும் இம்மொழி எழும்பூர் அருங்காட்சியகத்தின் மொழிக்கு வியப்பூட்டும் அளவில் நெருக்கமானது. களிம்பு பொய்யாயினும் மாற்றம் வாக்களித்தது. எலும்பின் அளவோ இருபது வயதைக் கடந்தவனிடம், உன் எண் இதுதான் என்கிறது. நாக்கை மேலண்ணத்தில் அழுத்திவைத்தால் தாடை வடிவம் மாறும் என்பது போன்ற பயிற்சிகள் அந்த இறுக்கத்துக்குள் எழும் நம்பிக்கைகள். வளர்ந்தவரின் எலும்பை அவை மாற்றும் என்பதற்கு ஏற்கத்தக்க மருத்துவச் சான்று இல்லை. பெண் பார்க்கும் சடங்கில் பெண்கள் தலைமுறை தலைமுறையாக உட்பட்டிருந்த மதிப்பீட்டின்கீழ் இப்போது ஆண்களும் தாமே வந்து நிற்கின்றனர் என்பதும் இதில் புதிய செய்தி.

ஒரு சொல்

செம்பட்டி வட்டாரத்திலும் பிற தமிழ்ப் பகுதிகளிலும் திருமணப் பேச்சில் வழங்கும் நிறச் சொற்கள் மூன்று: சிவப்பு, மாநிறம், கறுப்பு. பேச்சுவழக்கில் சிவப்பு என்பது வெளிர்நிறத்தைக் குறிக்கும். கறுப்பு என்று சொல்ல வேண்டிய இடத்தில் பெற்றோரும் தரகரும் மாநிறம் என்றே சொல்வர். கேட்பவரும் அதன் எல்லையை அறிந்தே கேட்பர். நிற அட்டையில் இரு படிகளுக்கு இடையே கோடு உண்டு. மாநிறம் என்னும் சொல்லுக்கு அத்தகைய கோடு இல்லை. வெளிர்நிறத்துக்குச் சற்றுக் கீழே தொடங்கி நல்ல கருமை வரை அது நீள்கிறது. மணமகளைக் காக்கும் பொய்யாகவும் பேரம் பேசும் உத்தியாகவும் ஒருசேரப் பயன்படும் இச்சொல்லை எண்ணாக மாற்ற இயலாது. சங்கப் பாடல்களின் மாமை அழகின் உச்சத்தைக் குறித்தது. திருமணத் தரகரின் மாநிறம் ஒரு சமாதானச் சொல். இவ்விரண்டுக்கும் இடையே நிகழ்ந்த சரிவு எந்த நூற்றாண்டில், எவ்வெவ் வழிகளில் நேர்ந்தது என்பதைக் கல்வெட்டு, சிற்றிலக்கியம், திருமண விளம்பரம் ஆகிய மூன்று வகைச் சான்றுகளையும் ஒருங்கே வைத்துத் தனியே ஆராய வேண்டியுள்ளது.